ஏணைக்கு மேலே ஒரு கூடு

அறுபதுகளின் தொடக்கத்தில் திண்டிவனத்துக்கும் ஒலக்கூருக்கும் நடுவிலிருந்த ஊரில் குடியிருந்தோம். என் மகள் அப்போதுதான் குப்புற விழப் பழகியிருந்தாள். பழம்புடவையில் அவளுக்குக் கட்டிய ஏணை தொங்கிய அதே உத்தரத்தில் ஒரு குளவி மண்ணைக் கொண்டுவந்து அப்பத் தொடங்கியது. மெல்லிய இடுப்பும் மஞ்சள் பட்டையுமாகப் பெரிய குளவி. அது கொட்டினால் பச்சைக் குழந்தை தாங்குமா? ஒட்டடைக்கோலை எடுத்தேன்.

"புள்ளத்தாச்சி இருக்கிற வூட்ல கொளவிக் கூட்ட இடிப்பாங்களா? படிச்ச பொண்ணு செய்யிற வேலையா இது?" என்றார் அத்தை. அவர் மகள், என் நாத்தனார், தலைப்பிரசவத்துக்கு வந்திருந்தாள். கூடு உடைந்தால் வயிற்றுப் பிள்ளைக்கு ஆகாது என்பது அந்த வீட்டின் நம்பிக்கை. கோலை வைத்துவிட்டேன். ஏணையை மாற்றிக் கட்டலாமென்றால் மற்ற உத்தரம் அடுப்புக்கு நேர்மேலே, புகை. என் பெண்ணைக் காப்பதா, அவள் பிள்ளையைக் காப்பதா என்று தெரியாமல், விசிறியும் கையுமாக ஏணை அருகிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

"அண்ணி, நீங்க கொளவியப் பாத்துக்கினு இருக்கீங்க. கொழந்த உங்களப் பாத்துக்கினு இருக்குது," என்று நாத்தனார் சிரிப்பாள்.

பார்க்காமல் எப்படி இருப்பது? பாத்திரம் கழுவும் இடத்துச் சேற்றை உருண்டையாக்கித் தூக்கிவரும். அப்பும்போது அதன் ரீங்காரமே மாறும். அறை முடிந்ததும் கொல்லைக்குப் போய், எங்கள் அவரைப் பந்தலைத் தின்றுகொண்டிருந்த பச்சைப் புழுக்களை ஒவ்வொன்றாக இழுத்துவந்து உள்ளே திணிக்கும். நிறைந்ததும் வாயை மண்ணால் பூசிவிட்டு, பக்கத்திலேயே அடுத்த அறை. செம்மண்ணில் கட்டுகிறது, அதனால் நாத்தனாருக்குப் பெண்தான் பிறக்கும் என்று அத்தை முடிவே செய்துவிட்டார்.

ஒருநாள் மகள் காலை உதைத்து ஆடிய ஆட்டத்தில் ஏணைக் கயிறு உரசி, கடைசியாகப் பூசிய அறையின் பக்கச்சுவர் பெயர்ந்து விழுந்தது. குழந்தையை வாரி எடுத்தேன். சத்தம் கேட்டு வந்த நாத்தனார் தரையில் கிடந்த மண்சில்லைப் பார்த்தாள். கை தானாக வயிற்றுக்குப் போனது.

"உள்ள இருக்கிறது போயிடுச்சா? ஏறிப் பாருங்க அண்ணி."

குழந்தையை அவளிடம் கொடுத்துவிட்டு முக்காலியில் ஏறினேன். புழுக்கள் அடுக்கியபடியே இருந்தன. செத்தவை என்றுதான் நினைத்தேன். ஈர்க்குச்சியால் தொட்டதும் ஒன்று லேசாக நெளிந்தது. செத்திருந்தால் அழுகியிருக்கும். குளவி கொட்டியதில் நடமாடவும் முடியாமல், சாகவும் முடியாமல், பிறக்கப்போகும் குஞ்சுக்குக் கெடாத சாப்பாடாக வைக்கப்பட்டிருந்தன. அவற்றுக்கு மேலே, அறையின் கூரையிலிருந்து முடியைவிட மெல்லிய இழையில் ஒரு முட்டை தொங்கியது. புழு நெளிந்தாலும் நசுங்காத உயரத்தில், மெதுவாக ஆடியபடி. நான் என் பெண்ணுக்குக் கட்டியது போலவே ஏணை. இதை அதற்கு யார் சொல்லிக்கொடுத்தது? பள்ளிக்கூடத்தில் எனக்கு யாரும் சொல்லவில்லை.

"என்னா அண்ணி, உசுரோட கீதா?"

"இருக்கு. தொங்கிக்கிட்டு இருக்கு."

அப்போது குளவி திரும்பியது. என் மூக்குக்கு நேராக நின்று இறக்கை அடித்தது. இறங்கவும் பயம், இருக்கவும் பயம். அது என்னைச் சட்டை செய்யவில்லை. உடைந்த இடத்தைச் சுற்றிப் பார்த்தது, போனது, ஈரமண்ணோடு வந்தது. நான் முக்காலியில் நிற்கும்போதே பூச ஆரம்பித்துவிட்டது. அதற்கு அவ்வளவு அவசரம். அன்றோடு எனக்குக் கொட்டிவிடுமே என்ற பயம் பாதி விட்டது.

பூச்சு காய்வதற்குள் வேறொன்று வந்தது. மயில் கழுத்தின் பச்சையும் நீலமுமாக மின்னுகிற சின்னப் பூச்சி. குளவி இல்லாத நேரம் பார்த்து, ஒட்டுப்போட்ட அறையின்மேல் உட்கார்ந்து வாலை வெகுநேரம் அழுத்திக்கொண்டிருந்தது. அழகாக இருக்கிறதே என்று மகளுக்குத் தூக்கிக் காட்டினேன்.

நாத்தனாருக்கு ஆண் பிள்ளை பிறந்தது. "அது நம்மூர் மண்ணே இல்ல, எங்கியோ போய் எடுத்தாந்து கட்டிக்கீது," என்றார் அத்தை. கூட்டிலிருந்தும் குளவிகள் சுவரைக் கடித்து ஒவ்வொன்றாக வெளியேறின. ஒட்டுப்போட்ட அறை மட்டும் மூடியே கிடந்தது. அதில் ஒருநாள் சின்னதாக ஓட்டை விழுந்தது. மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு அண்ணாந்து காத்திருந்தேன். வெளியே வந்தது மஞ்சள் பட்டைக் குளவி அல்ல. அதே பச்சையும் நீலமுமாக இன்னொரு பூச்சி. அன்று அது வாலை அழுத்தியது முட்டையிடத்தான்.

அவ்வளவு புழு, அவ்வளவு மண், அந்த இழை, எல்லாம் வேறொருத்தியின் பிள்ளைக்கா? அப்படியென்றால் அன்று வந்த பூச்சியும் ஒரு தாய்தானே? யாருக்காக வருத்தப்படுவது என்று தெரியவில்லை. ஈரம் உலர்ந்ததும் புதுப் பூச்சி வெயிலில் ஒருமுறை மின்னிவிட்டு அவரைப் பந்தல் பக்கம் பறந்தது. நான் மகளை இறுக்கிக்கொண்டேன்.

உள்ளறையில் பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டே நாத்தனார் கேட்டாள்: "என்னா அண்ணி, அந்த ஒடஞ்ச ரூம்ல இருந்தது வெளிய வந்துச்சா?"

"வந்துடுச்சு," என்றேன். "நல்லா பறந்து போச்சு."