பேசிவிட்டு வருவதற்குள்

ஜீவராணி குழாயைக் கையால் மூடுவதில்லை. நமுனுகுலப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் அவள் அம்மா இருக்கும் லயத்தில், தோட்டம் தந்த வரிசை வீடுகளில், பத்துக் குடும்பத்துக்கு ஒரே பைப். லீவில் வரும்போதெல்லாம் அங்கே நின்று முழங்கைவரை சோப்புப் போட்டுக் கழுவுவாள். பிறகு இரண்டு கையையும் நெஞ்சுக்கு நேரே தூக்கிப் பிடித்துக்கொண்டு, முழங்கையால் பைப்பைத் தட்டிப் பார்ப்பாள். அது திருகுகிற பைப். அசையாது. யாராவது வந்துதான் மூட வேண்டும்.

"சாமி கும்பிடுறியாடி, இல்ல என்னைய அடிக்க ஓங்குறியா?" என்று கேட்டுக்கொண்டே பக்கத்துக் காம்பராவில் குடியிருக்கும் விஜயலெட்சுமி மூடிவிடுவாள். பன்னிரண்டு பதின்மூன்று வருஷமாக இதே கேலி.

"அது ஒப்பரேசன் பண்ற கை. சும்மா இருங்கடி," என்பாள் அம்மா.

அந்தக் கை கத்தி பிடித்த நாட்களை விரல்விட்டு எண்ணிவிடலாம் என்பதை ஜீவராணி அம்மாவிடம் சொன்னதில்லை.

அந்தத் தோட்டத்திலிருந்து மருத்துவபீடத்துக்குப் போன முதல் ஆள் அவள். 2011இல், பதுளையிலிருந்து பஸ்ஸில் ஒன்றரை மணி நேரத் தொலைவில் இருந்த ஓர் ஆஸ்பத்திரியில், சத்திரசிகிச்சைப் பிரிவில் டாக்டராகச் சேர்ந்தாள். அதே வாரம் கஜரூபனும் சேர்ந்தான். யாழ்ப்பாணத்துக்காரன், தகப்பன் சேர்ஜன், சத்திரசிகிச்சை நிபுணர். மேற்படிப்புக்குப் போய்ச் சேர்ஜன் ஆக வேண்டும் என்பதுதான் இருவருடைய ஆசையும்.

அந்தப் பிரிவின் தலைவரை எல்லாரும் பெரிய சேர் என்பார்கள். அவரிடம் ஒரு வழக்கம் இருந்தது. நோயாளிக்கு மயக்க மருந்து கொடுக்கும் நேரத்தில் யார் கைகழுவி மேசையோரம் நிற்கிறாரோ, சின்ன ஒப்பரேசன்களை அவரிடமே கொடுத்துவிடுவார். ஆள் பார்த்துக் கொடுக்காத நல்ல முறை என்றுதான் ஜீவராணியும் நினைத்தாள்.

வார்டில் பாதிப் பேர் தோட்டத்து ஆட்கள். சிங்கள நர்ஸ்மாருக்குத் தமிழ் வராது. யாராவது 'கத்தி வைக்க விடமாட்டேன்' என்று முரண்டு பிடித்தால் ஒப்பரேசன் தியேட்டர் கதவைத் தட்டுவார்கள். உள்ளே தமிழ் பேசும் டாக்டர்கள் இரண்டு பேர் இருந்தார்கள்.

"ஜீவா, அந்த மனிசி சொல்லுறது எனக்கு ஒண்டும் விளங்கேல்லை. நான் கதைச்சா அவவுக்கும் விளங்காது. நீங்கள் ஒருக்காப் போய்ச் சொல்லிவிடுங்கோவன்," என்பான் கஜரூபன்.

"ஒங்க தமிழ் எனக்கே பாதிதாங்க வெளங்குது," என்று சிரித்தபடி ஜீவராணி கையுறையைக் கழற்றுவாள்.

அது ஐந்து நிமிஷப் பேச்சு அல்ல. எந்தத் தோட்டம், வீட்டில் யார் சமைப்பது, எத்தனை நாள் வேலை போகும், எல்லாம் பேசி மனம் ஆறினால்தான் சம்மதக் கையெழுத்து. பேசிவிட்டு வருவதற்குள் கஜரூபன் தோலைத் தைத்துக்கொண்டிருப்பான். "அடுத்தது உனக்கு," என்பார் பெரிய சேர். மனதாரத்தான் சொல்வார். அடுத்த முறையும் கதவைத் தட்டுவார்கள்.

மேற்படிப்பு நேர்முகத்தில் ஓர் ஒப்பரேசனைப் பற்றி அவளிடம் கேட்டார்கள். படி பிசகாமல் சொன்னாள். "செய்திருக்கிறீர்களா, பார்த்திருக்கிறீர்களா?" என்று கேட்டார் ஒருவர். "பார்த்திருக்கிறேன்." அடுத்த தடவையும் அவளால் அதைத்தான் சொல்ல முடிந்தது. மூன்றாம் தடவை அவள் போகவில்லை. கஜரூபன் சேர்ஜனாகிவிட்டான். தீபாவளிக்கு மறக்காமல் ஃபோன் எடுப்பான். கெட்டவன் என்று சொல்ல ஒன்றுமில்லை.

'இன்றைக்கு நான் போகமாட்டேன்' என்று ஒரு நாளாவது சொல்லியிருக்கலாமே என்று பிற்பாடு பலமுறை நினைத்தாள். ஆனால் கட்டிலில் பயந்துபோய்க் கிடப்பவள் யார்? தன் அம்மா மாதிரி ஒருத்திதானே? அவளை விட்டுவிட்டுக் கத்தி பிடிப்பது எந்த நியாயம்? இந்த இடத்துக்கு வந்ததும் யோசனை நின்றுவிடும்.

2023இல், ஜீவராணி இன்னும் இருந்த அதே பிரிவுக்கு, தனலெட்சுமி இளைய டாக்டராக வந்தாள். கொஸ்லந்தைப் பக்கத்துத் தோட்டத்துப் பிள்ளை, இருபத்தெட்டு வயது. பெரிய சேர் ஓய்வுபெற்று, புதிய சேர் வந்திருந்தார். கொழும்பில் தன் பழைய பிரிவில் ஓர் இடம் இருப்பதாகவும், தனலெட்சுமி, அவளோடு சேர்ந்த இன்னொருவர் ஆகிய இருவரில் கை பழகியவரை வருஷக் கடைசியில் சிபாரிசு செய்யப் போவதாகவும் அவர் சொல்லியிருந்தார். ஒரு வியாழக்கிழமைக் குடலிறக்க ஒப்பரேசனைத் தனா செய்ய வேண்டும், ஜீவராணி பக்கத்தில் நிற்க வேண்டும் என்று ஏற்பாடு.

"அக்கா, தலகாணி ஒறையப் பிரிச்சுப் பிரிச்சு நாலு தடவ தச்சுட்டேன். அம்மா ஏசுறாங்க," என்றாள் தனா, கைகழுவும்போது.

"தலகாணிக்கு ரத்தம் வராதுடி. பாத்துப் பண்ணு."

இருவரும் கையுறை போட்டு முடித்தபோது கதவு தட்டப்பட்டது. அடுத்ததாகத் தியேட்டருக்கு வர வேண்டிய இராக்கம்மா வார்டில் கத்திக்கொண்டிருந்தாள். சீனி வியாதியில் அழுகிய பாதத்தை எடுக்க வேண்டும். கையெழுத்து வைக்கமாட்டேன் என்கிறாள்.

ஜீவராணி போயிருக்கலாம். புதிய சேர் பக்கத்து அறையில் இருந்தார், கூப்பிட்டால் தனாவின் பக்கத்தில் அவரே வந்து நின்றிருப்பார். ஆனால் ஜீவராணி கத்தி தொட்டு எட்டு மாதம் ஆகியிருந்தது. மேசையில் ஆள் தயாராகக் கிடந்தார்.

"தனா, நீ போய்ப் பேசிட்டு வா. அடுத்தது ஒனக்கு."

சொல்லி முடித்த பிறகுதான் தன் வாயில் வந்தது யாருடைய பேச்சு என்று அவளுக்கு உறைத்தது. "சரிக்கா," என்று தனா கையுறையைக் கழற்றினாள்.

ஒப்பரேசன் அருமையாக அமைந்தது. "இவ்வளவு நாள் இந்தக் கையை எங்கே ஒளித்து வைத்திருந்தீர்கள்?" என்று முடியும் நேரத்தில் உள்ளே வந்த புதிய சேர் கேட்டார். தனா தானாகவே வார்டுக்குப் போய்விட்டாள் என்று அவர் நினைத்துக்கொண்டார். ஜீவராணிக்குச் சந்தோஷமாக இருந்தது. உண்மையாகவே சந்தோஷம். அதை நினைத்தால்தான் இன்றைக்கும் அவளுக்குச் சோறு இறங்குவதில்லை.

ஒரு மணி நேரம் கழித்துத் தனா வந்தாள். "சைன் வச்சிட்டாங்கக்கா. காலு போனா வேலைக்குப் போவ முடியாது, காம்பராவப் புடுங்கிருவாங்கன்னு பயம். மக தோட்டத்துல வேலைக்குப் போவுதுல்ல, யாரும் புடுங்க மாட்டாங்கன்னு சொன்னேன்." துடைத்து வைத்திருந்த மேசையை ஒருமுறை பார்த்தாள்.

அடுத்தது வரத்தான் செய்தது. அதற்கும் முன்னால் வார்டிலிருந்து கூப்பிட்டார்கள். இப்போது எல்லாரும் தனாவைத்தான் கூப்பிட்டார்கள்.

டிசம்பரில் ஒரு நாள் தேநீர் குடிக்கும்போது புதிய சேர் கேட்டார்: "தனலெட்சுமிக்கு ஆர்வம் குறைவோ? தியேட்டரில் காண்பதைவிட அவளை வார்டில்தான் அதிகம் காண்கிறேன்."

அன்றைக்கு அனுப்பியது நான்தான் என்று சொல்ல வேண்டிய இடம் அது. ஜீவராணி கோப்பையைப் பார்த்தாள். "நோயாளிகளோடு ரொம்ப நன்றாகப் பேசுவாள், சேர்," என்றாள். அதில் பொய் எதுவும் இல்லை. அவர் தலையாட்டினார். சிபாரிசு மற்றவருக்குப் போனது.

போன மாதம் பதுளை பஸ் ஸ்டாண்டில் தனாவைக் கண்டாள். பிபிலைப் பக்கம் ஒரு சுகாதாரப் பணிமனையில் வேலையாம்.

"புள்ளைங்களுக்கு ஊசி போடுறேன்க்கா. நல்லாத்தான் இருக்கு. கத்துதுங்க, ஆனா சைன் கேக்க வேண்டியதில்ல," என்று சிரித்தாள்.

"தனா, அன்னைக்கு அந்த வியாழக்கிழம..."

"ஐயோ, அத விடுங்கக்கா. பஸ் வந்துருச்சு."

புதிய சேர் மாற்றலாகிக் கண்டிக்குப் போய்விட்டார். அவருடைய நம்பர் ஜீவராணியின் ஃபோனில் இருக்கிறது. அடுத்த வருஷமும் அவர் யாரையாவது சிபாரிசு செய்வார், அவருக்குத் தெரிய வேண்டியது, அன்றைக்குத் தனாவை வார்டுக்கு அனுப்பியது நான்தான் என்ற ஒரே வரிதான். அதை எழுதினால், ஏன் அனுப்பினேன் என்பதையும் எழுத வேண்டும். தனாவுக்காக எழுத வேண்டிய அந்த வரியை அவள் இன்னும் எழுதவில்லை.