டர்பன்டைன் ஒத்துக்கொள்ளாத நோரா

1973இல் ஆழ்வார்பேட்டையில் ஒரு பழைய பங்களாவின் கார் ஷெட்டில் எண்ணெய் வண்ண ஓவியப் பட்டறை நடந்தது. சனி, ஞாயிறு காலைகளில் மட்டும். நடத்தியவர் கல்யாணராமன் என்ற மயிலாப்பூர்க்காரர். பம்பாயில் படித்துவிட்டு வந்தவர், முப்பது வயதுகூட ஆகவில்லை. ஓவியம் வரைந்து பிழைப்பவர்கள் மட்டும் வரலாம் என்று அறிவிப்பிலேயே போட்டிருந்தார். நான் அப்போது வாரப் பத்திரிகைகளுக்கு விளம்பரப் படம் போட்டுக்கொண்டிருந்தேன். மற்றவர்களும் காலண்டர், சினிமா பேனர், கடை போர்டு என்று ஏதோ ஒன்றில் இருந்தவர்கள்தான்.

நோரா மட்டும் எதிலும் சேராதவர். நாற்பதைத் தாண்டியவர், கல்யாணம் செய்துகொள்ளவில்லை. சாந்தோமில் தங்கை ஆனியோடு இருந்தார். தொலைபேசி நிலையத்தில் வெளியூர் அழைப்புகளை இணைத்துவிடும் டிரங்க் கால் ஆபரேட்டர்.

"மேடம், இது ஆர்ட்டிஸ்டுகளுக்கான கிளாஸ். நீங்க எங்க ஒர்க் பண்றேள்?" என்று முதல் நாளே கல்யாணராமன் கேட்டார்.

"எக்ஸ்சேஞ்சுல சார்."

யாரோ சிரித்தார்கள். நோரா அதைக் காதில் வாங்காமல் பையைத் திறந்து, உள்ளே இருந்த காகிதங்களைத் தரையில் பரப்பினார். எல்லாம் பென்சிலில் வரைந்த கைகள். வயரைப் பிடித்துச் சொருகும் கை, ஹெட்செட்டை அழுத்திப் பிடித்த கை, டீ டம்ளரைச் சுற்றி வளைத்த கை. சிரித்தவன் உட்பட எல்லோரும் குனிந்து பார்த்தோம். வெகுநேரம் பார்த்தோம்.

"நாளைக்கு வரச்சே பழைய புடவை கட்டிண்டு வாங்கோ. இந்தக் கறை போகாது" என்றார் கல்யாணராமன். சேர்த்துக்கொண்டதாகத் தனியாக எதுவும் சொல்லவில்லை.

முதலில் வண்ணமே கிடையாது. கித்தான் துணியை மரச்சட்டத்தில் இழுத்துக் கட்டி ஆணி அடிக்க வேண்டும். வஜ்ஜிரப் பசை காய்ச்சிப் பூச வேண்டும். அது காய்ந்ததும் வெள்ளைப் பூச்சு, பிறகு உப்புத்தாள். பேனர் வரைகிறவர்களுக்கு இதெல்லாம் சலிப்பாக இருந்தது. நோரா மட்டும் ரசித்துச் செய்தார். துணி விறைப்பாக நிற்கிறதா என்று விரலால் தட்டி, காதைச் சாய்த்துக் கேட்பார். "சத்தம் கேக்குறதுதானே என் தொழில்" என்பார்.

வண்ணத்துக்கு வந்ததும் கல்யாணராமன் ஒரு விதி சொன்னார். அடிப்பூச்சை டர்பன்டைன் விட்டு மெலிசாகப் பூச வேண்டும். அதற்கு மேல் போகப்போக ஆளிவிதை எண்ணெயைக் கூட்டிக்கொண்டே போகலாம். தலைகீழாகச் செய்தால் மேலே இருப்பது முந்திக் காயும், அடியில் ஈரம் நிற்கும், படம் வெடிக்கும்.

எங்களுக்கு டர்பன்டைன் நெடி பழகிவிட்டது. நோராவுக்கு முதலில் தொண்டை கரகரத்தது. கொஞ்ச நாளில் குரல் அடைத்துக்கொண்டது. டெல்லி லைனில் இருந்தவர், "பேசுங்கள், ஏன் பேசவே மாட்டேன் என்கிறீர்கள்?" என்று கத்தினாராம். அந்த நெடி பக்கமே போகாதீர்கள் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். ஆனி வீட்டில் அழுதே விட்டார். "படம் போட்டா சோறு போடுமாக்கா? குரல் போச்சுன்னா உன் வேலையே போச்சு."

அந்தச் சனிக்கிழமை நோரா ஷெட்டுக்குள் வரவில்லை. வெளியே பாதாம் மரத்தடியில் நின்றுகொண்டு, கல்யாணராமனை அங்கே வரச் சொல்லி, காற்றாக வந்த குரலில் விஷயத்தைச் சொன்னார்.

"டர்பன்டைன் இல்லாம ஆயில் பெயிண்டிங் கிடையாது மேடம். வாட்டர் கலருக்குப் போயிடுங்கோ. உங்க கைக்கு அது சுலபமா வரும்."

"சுலபமா வராததைக் கத்துக்கத்தான் சார் வந்தேன்."

படத்தைத் தாங்கும் ஈசல் ஸ்டாண்டை நோரா தூக்கிக்கொண்டு போய் மரத்தடியிலேயே போட்டுக்கொண்டார். எங்களுக்கு மாடலாக உட்கார்ந்தவர் ராயப்பேட்டையில் வீடு வீடாக முட்டை விற்கும் அமீனா பீ. உள்ளே எங்களுக்கு உட்கார்ந்த பிறகு, நோராவுக்காகக் கூடையோடு வெளியே வந்து இன்னும் கொஞ்ச நேரம் உட்காருவார்.

நோரா முதலில் வெறும் எண்ணெயை விட்டே வண்ணத்தை இளக்கினார். படம் அற்புதமாக வந்தது. எங்களுக்குப் பொறாமையாகக்கூட இருந்தது. ஆனால் ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. அடிப்பூச்சு காயவே இல்லை. அதன்மேலேயே அவர் வரைய வரைய, அமீனா பீயின் கன்னத்தில் காய்ச்சிய பாலின் ஆடை மாதிரி வண்ணம் சுருங்கியது. கல்யாணராமன் வந்து பார்த்தார், தலையை ஆட்டிவிட்டு உள்ளே போனார்.

நோரா கத்தியை எடுத்து முகத்தை மொத்தமாகச் சுரண்ட ஆரம்பித்தார்.

"இன்னாம்மா, என் மூஞ்சிய இப்டி சொரண்டிக்கினு கீறே?" என்று பதறினார் அமீனா பீ.

"சரியா வரல அமீனாம்மா. வேற போட்டுத் தரேன்."

"மூக்க மட்டும் வுட்டுடு. அது நல்லா கீது."

நோராவுக்குச் சிரிப்பு வந்து, அது இருமலில் முடிந்தது. மூக்கும் போயிற்று.

மறுநாள் காலை அவர் அந்தத் துணியைத் தொட்டுப் பார்த்தார். கத்தி வழித்த இடங்களில் துணியின் இழைக்குள் ஒரு சாயம் மட்டும் தங்கியிருந்தது. கையில் ஒட்டவில்லை. மெலிசான அடிப்பூச்சு என்பது இதுதானே என்று தோன்றியிருக்கிறது. மெலிசாக்குவதற்கு எதையாவது ஊற்றித்தான் ஆக வேண்டுமா? துடைத்து எடுத்தாலும் மெலிசுதானே?

புதுத் துணி கட்டினார். டியூபிலிருந்து வந்த வண்ணத்தை எண்ணெய் சேர்க்காமல் அப்படியே பழந்துணியால் அழுத்தித் தேய்த்தார். பிறகு வருகிற மட்டும் துடைத்து எடுத்தார். அது காய்ந்த பிறகே அடுத்த பூச்சில் துளி எண்ணெய் சேர்த்தார். பிரஷ்களை எண்ணெயில் துடைத்துவிட்டு, துணி துவைக்கிற பார் சோப்பில் கழுவினார். தேய்த்துத் தேய்த்துத் தோள் வீங்கிப்போனது. மழை வந்தால் ஈசலை போர்ட்டிகோவுக்கு இழுத்துக்கொண்டு போவார். எங்களில் பலர் மழையைக் காரணம் காட்டி வராமல் இருந்த நாட்களிலும், எக்ஸ்சேஞ்ச் டூட்டி முடிந்த கையோடு, முகம்கூடக் கழுவாமல் வந்து நின்றார்.

செய்ததைக் கல்யாணராமனிடம் விளக்கினார். அவர் உள்ளே போய் ஒரு அட்டையில் தானே அப்படித் தேய்த்துப் பார்த்தார். அடுத்த வாரம் அந்த அட்டையோடு வெளியே வந்தார்.

"நிக்கும்னுதான் தோணறது மேடம். ஆனா வருஷம் திரும்பினாத்தான் நிச்சயமாச் சொல்ல முடியும்."

"நான் இங்கதானே சார் இருக்கப்போறேன்."

பட்டறை முடிந்ததும் மார்ச் மாதம் தி. நகரில் ஒரு பள்ளிக்கூட ஹாலில் எங்கள் படங்களை வைத்தார்கள். நோராவின் படத்துக்கு முன்னால்தான் கூட்டம். மடியில் முட்டைக் கூடையோடு, பேரம் பேச வந்தவரைத் திருப்பி அனுப்பப் போகிற பார்வையோடு அமீனா பீ உட்கார்ந்திருந்தார். துடைத்தெடுத்த அடிப்பூச்சின் செம்மண் நிறம் தோலுக்குள்ளிருந்து வருகிற மாதிரி கசிந்தது. எங்கள் யார் படத்திலும் அந்த உயிர் இல்லை.

அமீனா பீ பக்கத்து வீட்டு அன்வரி பேகத்தைக் கூட்டிக்கொண்டு வந்திருந்தார். இடுப்பில் கை வைத்துக்கொண்டு பார்த்தார்.

"நானு இவ்ளோ கோவக்காரியா?"

"கம்மியாத்தான் போட்டுகீறாங்க" என்றார் அன்வரி பேகம்.

படத்தை அவருக்கே கொடுத்துவிடுவதாக நோரா சொன்னார். "எங்க வூட்ல மூஞ்சி படம் மாட்ட மாட்டோம்மா. நீயே வெச்சுக்கோ. நான் வந்து பாத்துக்கினு போறேன்" என்றார் அமீனா பீ. முட்டை கொடுக்கப் போகிற சாக்கில் சாந்தோம் வரை போய்ப் பார்க்கவும் செய்தார்.

நோராவின் குரல் திரும்பியது. ஆனியின் பயமும் தீர்ந்தது. மழைக்காலம் வந்து போயிற்று. படத்தில் ஒரு வெடிப்பு விழவில்லை. அடுத்த பட்டறையில் கல்யாணராமன் பாதாம் மரத்தடியில் ஒரு கீற்றுப் பந்தல் போட்டார். நெடி ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு அங்கே இடம். "இது நான் சொல்லிக்கொடுக்கறது இல்லை, நோரா மேடம் கண்டுபிடிச்சது" என்று சொல்லித்தான் ஆரம்பிப்பார். ஆஸ்துமாக்காரரான நஸ்ருன்னிசா என்ற பள்ளி ஓவிய ஆசிரியை அந்தப் பந்தலில்தான் கற்றுக்கொண்டார்.

நோரா பிறகு முகங்களை விட்டுவிட்டுக் கடலுக்குப் போனார். லீவு நாளில் கொட்டிவாக்கம் வரை பஸ்ஸில் போய், மணலில் ஈசலை நட்டு வரைவார். 1978இல் ஒருநாள் நானும் கூடப் போனேன். தேய்ப்பதும் துடைப்பதுமாக மதியம் வரை நின்றார். எனக்கு நன்றாகவே இருப்பதாகப் பட்டது.

"இல்லப்பா, படத்துல அலை நின்னுபோச்சு பாரு" என்று சொல்லிவிட்டுக் கத்தியை எடுத்தார்.