தட்டுக்கும் உப்புத்தாளுக்கும் நடுவே ஒரு தேதி

“ஐந்தாம் தேதி, புதன். பகல் பன்னிரண்டு ஐம்பது. எண்பதாம் நம்பர் தாள் ஒட்டியது.”

என் கையெழுத்துதான். துண்டுச் சீட்டின் ஒரு ஓரம் கருகியிருக்கிறது. கருகிய கதையைச் சொல்லிவிடுகிறேன்.

கோவிலூர் சாலையில் நண்பர் சிக்கந்தர் பாயின் மரப்பட்டறை. அவருடைய பேத்தி ஆயிஷாவுக்கு இரண்டு வயது தாண்டிவிட்டது, இன்னும் நடக்கவில்லை. கடையில் வாங்கிய பிளாஸ்டிக் நடைவண்டி வழவழத் தரையில் முன்னால் ஓடிவிட, பிள்ளை குப்புற விழுந்தது. அன்றிலிருந்து எதையும் பிடித்து நிற்கவே பயம். “கனமான வண்டி, நேராக ஓடுகிற வண்டி வேண்டும்” என்றாராம் பிசியோதெரபி டாக்டர். அதைத்தான் பாய் தேக்கில் செய்துகொண்டிருந்தார். இரண்டு சக்கரங்கள் முடிந்து, மூன்றாவது காத்திருந்தது. மரத்தைத் தேய்க்கும் மெஷினான டிஸ்க் சாண்டரின் சுழல் தட்டில் ஒட்டியிருந்த உப்புத்தாளோ வழுக்கைத் தலை மாதிரி தேய்ந்துபோயிருந்தது.

“தொழுதுட்டு வந்துர்றேன்ணே. நீங்கதான் நெதம் பாக்குறீகளே, தாளை மாத்தி வையுங்க. பிளக்கைப் பிடுங்கிட்டுத்தான் கையை வைக்கணும், ஆமா!”

பிளக்கைப் பிடுங்கினேன். பாயின் மகள் நஸ்ரீன் தன் ஹேர் டிரையரைக் கொடுத்தாள். பழைய தாளின் மேல் சூட்டுக் காற்றைக் காட்டினால் பின்னால் இருக்கும் பசை இளகும். ஓரத்தில் ஒரு மெல்லிய தகட்டை நுழைத்துக் கொஞ்சம் தூக்கி, தட்டை ஒட்டியே மெதுவாக இழுத்தேன். பாலாடை மாதிரி வந்தது...

ஜன்னல் வெயிலில் மரத்தூள் மிதந்துகொண்டிருந்தது. கீழே இறங்குவதா, மேலே போவதா என்று அதற்கே தெரியவில்லை. மிச்சப் பசையைத் தின்னரில் நனைத்த துணியால் துடைக்கத் துடைக்க, இரும்புத் தட்டில் வெளிச்சம் குளம் போலத் தேங்கியது. அதில் கலங்கலாக என் முகம். எவ்வளவு நேரம் அப்படியே நின்றேன்? குறித்துக்கொள்ளவில்லை.

ஆனால் ஒன்றைக் குறித்தேன். பல்பு மாட்டினால் அதில் தேதி எழுதுகிறவன் நான். இன்வெர்ட்டர் பேட்டரியில் எழுதுவேன். ஊறுகாய் ஜாடியிலும் எழுதுவேன். இந்தத் தாள் எத்தனை நாள் உழைக்கிறது என்று பார்த்தால் என்ன? சீட்டு எழுதி, தட்டின் ஓரத்தில் ஒட்டி, அதன் மேல் புதுத் தாளைப் பொருத்தினேன். உள்ளங்கையால் தேய்த்தபோது ஓரிடத்தில் லேசான மேடு தட்டுப்பட்டது. ஒரு காகிதத்தின் கனம் — அது என்ன செய்துவிடும்?

பாய் வந்தார். தட்டுக்கு முன்னால் இருந்த ஆணியில் சக்கரத்தின் நடுத் துளையைப் பொருத்தி, அதன் விளிம்பைச் சுழலும் தாளில் மெதுவாகத் திருப்பினார். தட்டு வேகம் பிடித்ததும் அசையாமல் நிற்பது போலவே இருந்தது. அந்த ரீங்காரத்தில் எனக்குக் கண் சொருகியது.

டப்... டப்... டப். பிறகு சர்ரென்று ஒரு கிழிசல்!

பாய் சுவிட்சை அணைத்தார். தாள் மேட்டில் பிடிப்பில்லாமல் எழும்பி, கிழிந்து, சக்கரத்தின் விளிம்பைக் கடித்திருந்தது. உரசிய சூட்டில் என் சீட்டின் ஓரம் கருகி வெளியே நீட்டிக்கொண்டிருந்தது.

“உள்ளுக்குள்ள என்னண்ணே வச்சீக?”

“தேதி, பாய்.”

“தேதியா? பல்புல எழுதுனீக, சரி. பேட்டரியில எழுதுனீக, அதுவும் சரி. சுத்துற தட்டுக்கு எதுக்குண்ணே பொறந்த நாளு?”

நஸ்ரீன் எட்டிப் பார்த்தாள். “நல்லவேளை மாமா, எம்புள்ள நெத்தியில எழுதாம விட்டீகளே!”

சிரித்தாள். ஆனால் சக்கரத்தைக் கையில் வாங்கியதும் சிரிப்பு நின்றுவிட்டது. “அத்தா, இது கோணிக்கிட்டு ஓடுமா? இன்னொரு தடவ விழுந்தா அவ இதத் தொடவே மாட்டா.”

அவ்வளவு கனத்தில் காய்ந்த பலகை வேறு இல்லை. பாய் கடிபட்ட விளிம்பை விரலால் தடவிப் பார்த்தார். “கடிச்ச இடம் மறையுற வரைக்கும் இதைத் தேய்க்கணும். அதே அளவுக்கு மத்த ரெண்டையும் இறக்கணும். ஒண்ணு மட்டும் சின்னதா இருந்தா வண்டி ஒரு பக்கமா இழுக்கும்.” பிறகு என்னைப் பார்த்தார். “அண்ணே, தாளை நீங்களே ஒட்டுங்க. பேனாவை மட்டும் இங்குட்டுக் குடுத்துருங்க.”

குறித்துவைக்கிறவர்களுக்கு ஒரு வியாதி உண்டு. நடப்பது கண்முன்னே நடந்துகொண்டிருக்கும். நாங்களோ அதற்கு அத்தாட்சி தேடிக்கொண்டிருப்போம்.

மறுபடியும் சூடு காட்டி, உரித்து, துடைத்தேன். இந்த முறை விரல் நுனியால் தட்டு முழுவதையும் தடவிப் பார்த்தேன். ஒரு தூசி இல்லை. பின்பக்கக் காகிதத்தில் பாதியை மட்டும் உரித்து, ஒரு ஓரத்தில் பொருத்தி, காற்றை வெளியே தள்ளிக்கொண்டே மறு ஓரம் வரை அழுத்தினேன். மூன்று சக்கரங்களும் ஒரு சுண்டுவிரல் கனம் சிறுத்தன. வண்டியும் கொஞ்சம் குள்ளமானது.

மறுநாள் காலை, பட்டறை வாசலின் சிமென்ட் தரை. நஸ்ரீன் பிள்ளையின் விரல்களைக் கைப்பிடியில் வைத்தாள். ஆயிஷா முதலில் வண்டியைப் பார்த்தாள், பிறகு எங்களை. சக்கரம் ‘கிரீச்’ என்றது. வண்டி நேராக நகர்ந்தது. பின்னாலேயே ஒரு குட்டிக் கால்... அப்புறம் இன்னொன்று.

ஐந்து அடி என்பது என் கணக்கு. நஸ்ரீன் ஏழு என்கிறாள். கடைசி அடியில் பிள்ளை கைப்பிடியையே விட்டுவிட்டது என்று சிக்கந்தர் பாய் சத்தியம் செய்கிறார். எனக்குக் கண் கலங்கியிருந்தது, பார்க்கவில்லை. இந்த ஒரு தகவல் மட்டும் இன்னும் உறுதி செய்யப்படவில்லை.