முந்நூறு கஜத்துக்கு ஒரு பழைய ரைஃபிள்

துப்பாக்கி ரிப்பேர் தொழிலில் வாடிக்கையாளர் எவ்வளவு கத்தினாலும் பதிலுக்குக் கத்த முடியாது. மனுஷன் வெறுங்கையோடு வந்திருக்க மாட்டார். ரேடியோ, கடிகாரம், பம்புசெட் என்று ரிப்பேரில் பிழைக்கிற சகோதரர்களே, உங்கள் பாடும் எனக்குத் தெரியும். "சின்ன வேலைதான்" என்று சிரித்துக்கொண்டு வருகிறவனை நம்பித்தானே நாமெல்லாம் நாசமாய்ப் போனோம்! அறுபதுகளில் கள்ளக்குறிச்சியில் நான் லைசென்ஸ் எடுத்துக் கடை வைத்திருந்தபோது அப்படிச் சிரித்துக்கொண்டு வந்தவன்தான் ஏழுமலை.

எட்டாத பன்றி

கல்வராயன் மலையடிவாரத்தில் ஒரு மானாவாரிக் கொல்லையைக் குத்தகைக்கு எடுத்து மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, போட்டிருந்தான். இரண்டு வருஷமாக வெள்ளாமையைத் தின்றது காட்டுப்பன்றி. இந்த வருஷமும் மல்லாட்டை வீடு வந்து சேராவிட்டால் கொல்லையை விட்டு இறங்கிவிட வேண்டும் என்று நிலத்துக்காரர் கறாராகச் சொல்லிவிட்டார். பன்றிக் கூட்டம் பொழுது சாயும்போது கொல்லையின் கடைசிக் கரைமேல் வந்து கொஞ்ச நேரம் நின்று மோப்பம் பிடிக்கும். கிட்டே ஆள் இருந்தால் திரும்பிப் போய், இருட்டினதும் வேறு பக்கமாக இறங்கும். ஆக, அடித்தால் இந்தக் கோடியில் உள்ள காவல் பரணிலிருந்துதான் அடிக்க வேண்டும். பரணிலிருந்து கரைக்கு முந்நூறு கஜம்.

அவனிடம் இருந்தது பட்டாளத்திலிருந்து திரும்பிய சித்தப்பா வாங்கிய ரைஃபிள். பயிர்க் காவலுக்கென்று லைசென்ஸ் இவன் பேருக்கு மாறியிருந்தது. அதில் சுட்டால் பக்கத்தில் நிற்கிற வைக்கோல் போரில் படுமா என்பதே சந்தேகம். "இவ்வளவு தூரத்துக்கெல்லாம் மெட்ராஸ்ல டெலஸ்கோப் மாட்டுவாங்கப்பா" என்று விலையையும் சொன்னேன். ஏழுமலை என்னை ஏற இறங்கப் பார்த்தான்.

"மேஸ்திரி, அவ்ளோ துட்டு என்னாண்ட இருந்தா, மல்லாட்டய அந்தப் பன்னிக்கே எழுதி வெச்சிட்டு நான் வூட்ல குந்திக்கினு இருப்பேன்."

மழை குடித்த கட்டை

அந்தப் பேச்சு எனக்கு ரோஷத்தைக் கிளப்பிவிட்டது. டெலஸ்கோப் இல்லாமலே அடிக்க வைக்கிறேன் பார் என்று ரைஃபிளை அக்கக்காகக் கழற்றினேன். மழைக்காலமெல்லாம் பரணில் கிடந்து மரக்கட்டை ஊறி, குழாயை ஒரு பக்கமாக நெருக்கிக்கொண்டிருந்தது. இரண்டு வெடி வெடித்துக் குழாய் சூடானால் குண்டு எந்தத் திசைக்குப் போகும் என்று ஆண்டவனுக்கே தெரியாது. குழாய்க்கும் கட்டைக்கும் நடுவில் ஒரு போஸ்ட் கார்டு தடங்கலில்லாமல் போய்வரும் வரை மரத்தைச் சுரண்டினேன். ஆடிக்கொண்டிருந்த திருகுகளை முடுக்கினேன். அவன் கைவசம் இருந்த தோட்டாக்கள் ஊருக்கு ஒன்றாகச் சேர்த்தவை. அதையெல்லாம் ஒதுக்கிவிட்டு ஒரே பெட்டித் தோட்டா வாங்கிவரச் சொன்னேன். லைசென்ஸில் அனுமதித்ததே கொஞ்சம் என்பதால் அவனுக்கு அதில் பெரிய வருத்தம்.

அதைவிடப் பெரிய வருத்தம் தரையில் கிடந்த மரச்சீவலைப் பார்த்து.

"இன்னா மேஸ்திரி, ரிப்பேருக்குக் குடுத்தா பாதிக் கட்டைய அடுப்புக்கு எடுத்துக்கினியே!"

தவிட்டு மூட்டை

குறி பார்த்துச் சரிசெய்ய நானே கொல்லைக்குப் போனேன். ரைஃபிளைத் தாங்க ஒரு மூட்டை மணல் கட்டி வை என்று தெளிவாகத்தான் சொல்லியிருந்தேன். மணலைப் பரணுக்குத் தூக்க முடியாதென்று அந்த மகானுபாவன் தவிட்டைக் கட்டி வைத்திருந்தான். ஒவ்வொரு வெடிக்கும் மூட்டை ஒவ்வொரு பக்கம் நெளிந்தது. குண்டு எங்கே பட்டதென்று கரையில் நட்ட பலகையைப் பார்க்க, மூட்டையைக் கீழே போட்டுவிட்டு நடந்தோம். திரும்பி வந்தால் அவனுடைய காளை மூட்டையைக் கிழித்து வாயில் நுரை தள்ளத் தின்றுகொண்டிருக்கிறது! எனக்கு வந்த ஆத்திரத்தில் மாட்டையும் திட்டினேன், மாட்டுக்குச் சொந்தக்காரனையும் திட்டினேன்.

ஏழுமலையின் பெண்டாட்டி அஞ்சலை ஓடையில் இறங்கி, ஒரு சாக்கு மணலைத் தலையில் தூக்கி வந்து இறக்கினாள். அதன்மேல் வைத்துச் சுட்டபோது குண்டுகள் முறத்தகல இடத்துக்குள் விழுந்தன. எனக்குக் கோபமெல்லாம் போய்விட்டது. ஆனால் மிச்சமிருந்த தோட்டாவைக் கைவிரலில் எண்ணிவிடலாம்.

"மாட்டத் திட்டாதீங்கண்ணா. காலையில இருந்து இங்க வவுறு ரொம்பினது அது ஒண்ணுதான்" என்றாள் அஞ்சலை.

பூஜை போட்ட ரைஃபிள்

ஆயுத பூஜை முடிந்த மறுநாளைக்கு மறுநாள் புருஷனும் பெண்டாட்டியும் கடைக்கு வந்தார்கள். ஏழுமலை ரைஃபிளை மேஜைமேல் டமாரென்று வைத்தான். பன்றி நின்றதாம், சுட்டானாம், குண்டு அதன் காலுக்கு முன்னால் மண்ணைக் கிளப்பியதாம். "வேலையா செஞ்ச நீ? என் கொல்ல போச்சு!" என்று தெருவே திரும்பிப் பார்க்கக் கத்தினான். அவன் கண் கலங்கியிருந்தது.

ரைஃபிளை எடுத்துக் குறி பார்த்தேன். குழாய் முனையில் குறி பார்க்க நிற்கிற முள்ளின் தலையில் கெட்டியாகச் சந்தனம், அதன்மேல் குங்குமம், காய்ந்து கல்லாகிப் போயிருந்தது! அரிவாள், கலப்பை எல்லாவற்றுக்கும் வைத்த மாதிரி அஞ்சலை இதற்கும் பக்தியோடு பொட்டு வைத்திருக்கிறாள். முள் உயர்ந்தால் குண்டு தணிந்துதான் போகும். "அட கடவுளே!" என்று நகத்தால் சுரண்டப் போனேன். அவள் என் கையைத் தட்டிவிட்டாள். பூஜையில் வைத்தது தானாக உதிர வேண்டுமாம். சுரண்டினால் வெள்ளாமைக்கு ஆகாதாம். புருஷனைப் பார்த்தேன். அவன் கூரையை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தான்.

எனக்கும் பிடிவாதம் ஏறிவிட்டது. முன்னால் எவ்வளவு உயர்ந்ததோ பின்னால் உள்ள குறியையும் அவ்வளவு உயர்த்திவிட்டால் கணக்கு சரியாகிவிடும். ஒரு தகரத் துண்டை எடுத்து, பின்குறிக்கு அடியில் வைக்க, சந்தனத்தின் கனத்துக்கு அரத்தால் ராவ ஆரம்பித்தேன். "இதுக்கு ஒரு வெடிக்குத்தான் உத்தரவாதம். அந்த அதிர்ச்சியில சந்தனம் உதுந்துபோனா மறு வெடி எங்கயோ போயிடும்" என்று கண்டிப்பாகச் சொன்னேன்.

"ஒரு பன்னிக்கு ஒரு வெடி போதும்ண்ணா. நீங்க பராக்கு பாக்காம ராவுங்க" என்றாள் அஞ்சலை.

கரைமேல்

அன்று சாயங்காலம் நானும் பரணில் ஏறினேன். ஏழுமலை ரைஃபிளை மணல் மூட்டையில் சாய்த்தான். கூட்டத்துக்கு முன்னால் வருகிற பெரிய பன்றி கரைமேல் ஏறி, மூக்கைத் தூக்கி நின்றது. "மூச்ச வுட்டுட்டு, மெதுவா" என்று அவன் காதோரம் சொன்னேன். வெடித்தது. பன்றி அந்த இடத்திலேயே முன்னங்காலை மடக்கி விழுந்தது. மற்றவையெல்லாம் சிதறி ஓடின. முள்ளின் தலையில் ஒரு பொட்டுச் சந்தனம்கூட இல்லை. ஏழுமலை மணல் மூட்டையில் முகத்தை வைத்துக்கொண்டு தேம்பித் தேம்பி அழுதான்.

கீழே நின்ற அஞ்சலை மட்டும் தெளிவாக இருந்தாள்.

"இத்தன நாளு வெறும் துப்பாக்கியா இருந்துச்சு. சந்தனம் வெச்ச பெறவுதான் சுடுது, பாத்தீங்களாண்ணா?"

லைசென்ஸ்

மல்லாட்டை முழுசாக வீடு வந்து சேர்ந்தது. ரைஃபிளைத் துடைத்து எண்ணெய் போட ஏழுமலை கடைக்கு வந்திருந்த நேரம், சின்னசேலத்திலிருந்து நிலத்துக்காரர் வந்து இறங்கினார். பன்றிக் கூட்டம் ஏழுமலையின் கரைக்கு வருவதை விட்டுவிட்டு, பக்கத்திலேயே அவர் சொந்தமாகப் பயிர் வைத்திருந்த மரவள்ளியில் இறங்கியிருந்தது. "குத்தகையப் பத்திக் கவலப்படாத, நீயே வெச்சிக்க. இன்னிக்குப் பொழுது சாய துப்பாக்கிய எடுத்துக்கினு என் கொல்லைக்கு வந்துடு" என்றார்.

ஏழுமலை எழுந்து நின்று, துண்டைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, ரொம்ப மரியாதையாகச் சொன்னான்:

"வந்துடுவேங்க. ஆனா நான் பயிர் வெக்கிற கொல்லையிலதான் சுடலாம்னு லைசென்சுல போட்டிருக்குதுங்க. நான் சுடணும்னா அந்தக் கொல்லையும் எனக்கே குத்தகைக்கு வுட்டுருங்க."

என் சர்வீஸில் எத்தனையோ துப்பாக்கிகளைச் சரிபார்த்து அனுப்பியிருக்கிறேன். ஒரே தோட்டாவில் பன்றியையும் நிலத்துக்காரரையும் சேர்த்து அடித்தது அந்தப் பழைய ரைஃபிள் ஒன்றுதான்.