லைன் நின்றது யார் பேரில்?

ஒரகடத்தில் எங்கள் கம்பெனியில் இன்று காலை கரண்ட் போய் வந்தது. எல்லா மெஷினும் ஓட ஆரம்பித்தன. பாகங்களைச் சோதிக்கிற கேமரா மட்டும் ஓடவில்லை. அதனால் உற்பத்தி லைனே நின்றது.

அதன் சாஃப்ட்வேர், தேவையானதையெல்லாம் ஒரே பெட்டியில் அடைத்த மாதிரியான ஒரு கன்டெய்னரில் ஓடுகிறது. அந்தக் கன்டெய்னருக்கு அச்சான இமேஜ், நான் வேலைக்குச் சேர்வதற்கு முன்பே யாரோ செய்துவைத்தது. ரீஸ்டார்ட் ஆனதும் அது தானாகவே பேக்கேஜ் என்கிற துணை புரோகிராம் ஒன்றின் புது வெர்ஷனை இறக்கிக்கொண்டது. புதுசுக்கு இமேஜில் இருக்கிற பழைய பைத்தான் மொழி வெர்ஷன் ஒத்துவரவில்லை. பைத்தானை மாற்றினால் கேமரா டிரைவர் ஒத்துவரவில்லை. எனக்குத் தலை சுற்றியது.

சூப்பர்வைசர் ஸ்டெல்லா அக்கா வந்து நின்றார்.

"இன்னா தம்பி, நேத்து நல்லாதான ஓடிச்சு? இன்னாத்த மாத்துன?"

"எதையும் மாத்தலக்கா. இத்தன வருஷமா மாத்தாததாலதான் நின்னுச்சு."

அக்கா என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

"மீட்டிங்ல யார் பேர்ல போடுறது?"

"இமேஜ் செஞ்சவர் பேர்ல போடுங்க."

"அவரு எங்க கீறாரு?"

"வேலைய வுட்டுப் போயிட்டாரு."

"அப்போ நீதான்."

மதியத்துக்குமேல் எதை எதையோ மாற்றிப் பார்த்ததில் லைன் ஓடிவிட்டது. எதனால் ஓடியது என்று தெரியவில்லை. அப்படியே புது இமேஜாகச் சேமித்துவைத்துவிட்டேன்.

எனக்குப் பிறகு இந்த வேலைக்கு வந்து என்னைத் திட்டப்போகிறவர் இதைப் படித்தால், கமென்டில் இப்போதே ஆரம்பிக்கலாம்.