சொல்லிக்கொள்ளாமல் வைத்த போன்

தம்பி செத்துப்போன செய்தி வந்தபோது நான் ஆஃப்ரிகான்ஸ் இலக்கணத்தில் ஆறாம் பாடத்தில் இருந்தேன். தென்னாப்பிரிக்காவில் ஒரு சின்ன ஊரில், பால் பண்ணை இயந்திரங்களைப் பார்த்துக்கொள்ளும் வேலை அவனுக்கு. அந்த ஊர்ப் பெண்ணையே கட்டிக்கொண்டான். நெஞ்சுவலி. நாற்பத்தொரு வயது. நாங்கள் விசா வாங்கி வரும்வரை வைத்திருக்க முடியாது என்று அங்கேயே எரித்துவிட்டார்கள். எனக்கு அழுகை வரவில்லை.

அவனுடையது என்று மிச்சமிருப்பது ஐந்து வயது மகள் மட்டும்தான். அவளுக்கு வீட்டில் அந்த ஊர்ப் பாஷையான ஆஃப்ரிகான்ஸ். இங்கிலீஷ் நாலு வார்த்தை, தமிழ் சுத்தமாகக் கிடையாது. பெற்ற பிள்ளைக்குத் தமிழ் சொல்லிக்கொடுக்கத் துப்பில்லையாடா என்று அவனை எத்தனையோ தடவை திட்டியிருக்கிறேன். பொங்கலுக்கு அழைத்து வருகிறேன் என்றான். அத்தையும் மருமகளும் ஊமை மாதிரி முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்க முடியுமா? இங்கிலீஷ்காரர்களுக்காக எழுதிய ஆஃப்ரிகான்ஸ் இலக்கணப் புத்தகம் ஒன்றை நெட்டிலிருந்து இறக்கி, தென்னூர் ஜெராக்ஸ் கடையில் ஸ்பைரல் போட்டு வாங்கினேன்.

சாவு விழுந்த வீட்டில் செய்வதற்கு ஒன்றுமில்லை. சாப்பாடு பக்கத்து வீட்டிலிருந்து வந்தது. பொன்மலை ஆபீஸில் லீவு சொல்லியாயிற்று. ஏழாம் பாடத்தை எடுத்தேன். அந்தப் புத்தகம் இங்கிலீஷ்காரனை ரொம்பத்தான் பயமுறுத்துகிறது. வினைச்சொல் வாக்கியத்தின் கடைசிக்குப் போய்விடுமாம், ஜாக்கிரதையாம். அட போய்யா! நாங்கள் பிறந்ததிலிருந்து அப்படித்தானே பேசுகிறோம். 'இல்லை' என்பதுதான் புதுசு. அதை இரண்டு முறை சொல்ல வேண்டும். நடுவில் ஒரு 'நி', கடைசியில் ஒரு 'நி'. பயிற்சிக்கு இருபது வாக்கியம். துக்கம் கேட்க வந்தவர்கள் எதிரில் உட்கார்ந்திருக்கும்போதே எழுதினேன். இருபதும் சரி.

வந்தவர்கள் எழுந்து, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, ஒன்றும் சொல்லாமல் போனார்கள். சாவு வீட்டில் 'போயிட்டு வரேன்' சொல்லக்கூடாது. சொன்னால் இன்னொரு சாவுக்கு வருவதாக ஆகிவிடும். அம்மா இதில் ரொம்பக் கறார்.

தினமும் சாயங்காலம் தம்பி மனைவி வீடியோ காலில் வருவாள். நாங்கள் இங்கிலீஷில் கொஞ்சம் பேசுவோம். பிறகு குழந்தை வருவாள். அந்த ஊரில் பெரிய பொம்பளைகள் எல்லோரும் 'டன்னி'தான், நானும் டன்னி. என்ன சாப்பிட்டாய் என்று கேட்பேன். பீசாங் என்பாள், வாழைப்பழம். அதோடு என் சரக்கு தீர்ந்துவிடும்.

"போதும், வையிடி. சொல்லிக்காதே. அங்கயும் சாவு வீடு, இங்கயும் சாவு வீடு. காரியம் முடியட்டும்" என்பாள் அம்மா. குழந்தை கையைத் தூக்குவதற்குள் நான் சிவப்புப் பொத்தானை அழுத்திவிடுவேன். பத்து நாள் இப்படியே போனது.

பதினோராம் நாள் அவள் போனுக்கு வரமாட்டேன் என்றாள். தாய் இழுத்து வந்து உட்காரவைத்தாள். என் பக்கம் திரும்பவே இல்லை. இவளும் பேசாவிட்டால் எங்களுக்கு அங்கே யார் இருக்கிறார்கள்? ஏன் கோபம் என்று அவள் பாஷையில் கேட்டேன். டன்னி சொல்லிக்கொள்ளாமல் வைத்துவிடுகிறாள் என்றாள். அப்புறம் தரையைப் பார்த்துக்கொண்டே இன்னொன்று சொன்னாள்.

"பப்பா ஹெட் ஓக் நி ஹஹ்ரூட் நி."

ஒரு வார்த்தை விடாமல் புரிந்தது. புரியாமலே இருந்திருக்கலாம்.

"என்னடி சொல்றா?" என்றாள் அம்மா.

"அவ அப்பாவும் சொல்லிக்காமத்தான் போயிட்டாராம்."

ஸ்ரீரங்கத்தில் அம்மா மண்டபத்துப் படித்துறையில் செய்யவேண்டிய காரியத்துக்கு இன்னும் ஐந்து நாள் இருந்தது. அம்மா என் கையிலிருந்து போனைப் பிடுங்கி முகத்துக்கு நேராகப் பிடித்தாள்.

"போயிட்டு வரேன் கண்ணு. நாளைக்கு வரேன், என்ன?" என்றாள், தமிழில்தான்.

"டொட் சீன்ஸ்" என்றேன் நான் பக்கத்திலிருந்து. மறுபடி பார்ப்போம் என்று அர்த்தம். முதல் பாடத்திலேயே படித்தது.

குழந்தை நிமிர்ந்தாள். "டொட் சீன்ஸ், டன்னி" என்று கையை ஆட்டிவிட்டு, தானே போனை வைத்தாள்.

அணைந்துபோன போனை அம்மா கீழே வைக்கவில்லை. "அவனும் ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போயிருக்கலாம்டி" என்றாள். அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது.