உறவுமுறை: அங்கிள்

கோபம் ஆறிவிட்டதா என்று போன கிழமையும் மனைவி கேட்டாள். ஆறவில்லை. ஆற வைக்கிற எண்ணமும் எனக்கு இல்லை.

மேற்கு சிட்னியில் ஒரு கல்லூரியின் கால்பந்து அணிக்கு நாலு பருவம் தலைமைப் பயிற்சியாளராக இருந்தேன். பகலில் ஒரு கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுவேன். செவ்வாயும் வியாழனும் வேலை முடிய, பென்டில் ஹில் வீட்டுக்குப் போகாமல் நேரே மைதானத்துக்குப் போவேன். சனிக்கிழமைகளில் ஆட்டம். 2009இல் என்னைப் பிடித்து அந்தக் கதிரையில் இருத்தியபோது, அதில் இருக்க வேறு ஒருவரும் வரவில்லை. முந்தின வருடம் ஓர் ஆட்டம்கூட வெல்லாத அணி அது. கோல் வலையில் பந்து போகிற அளவுக்கு ஓட்டை. மன்னாரில் மீன்வலை பொத்திய கை என்பதால் அதை நானே பொத்தினேன். கல்லூரியில் யாருக்கும் அது தெரியாது, தெரிந்துகொள்ளவும் மினைக்கெடவில்லை.

2010இல் கோல் காப்பாளன் வந்து சேர்ந்தான். வன்னிப் பொடியன், பத்தொன்பது வயது. இங்கே அவனுக்குச் சொந்தம் என்று ஒரு ஈ காக்காய் இல்லை. குவேக்கர்ஸ் ஹில்லில் நாலு பேரோடு ஒரு வாடகை வீடு. முதல் நாள் பயிற்சியில் உயரப் பந்து ஒன்று வந்தது. எங்கள் கப்டன், லெபனான் தாய்தகப்பனுக்கு இங்கே பிறந்தவன், தலையால் முட்ட எழும்பினான். பின்னாலிருந்து இவன் அடித்தொண்டையில் கத்தினான்: “விடு!” கப்டனுக்குத் தமிழில் ஒரு சொல் தெரியாது. ஆனால் அந்தக் குரலுக்கு அப்படியே நின்றுவிட்டான். இவன் பாய்ந்து பந்தை எடுத்தான்.

இரண்டு கிழமையில் முழு அணிக்கும் அந்தச் சொல் பிடிபட்டது. விடு என்றால் விலகு, இது என் பந்து, நான் பார்த்துக்கொள்கிறேன். எதிரணிக்கு ஒன்றும் விளங்காது. நானும் அதை மாற்றவில்லை. அதை வைத்தே தற்காப்பைக் கட்டினேன். பின்னால் விளையாடுகிறவன் சொன்னால் முன்னால் நிற்கிறவன் கேள்வி கேட்காமல் விட வேண்டும். என் பயிற்சி முழுவதும் அந்த ஒரு விதிதான். கேள்வி கேட்டவனை மைதானத்தைச் சுற்றி ஓட விட்டேன்.

ஒவ்வொரு பருவத் தொடக்கத்திலும் கல்லூரி ஒரு படிவம் தரும். அவசரத்துக்கு யாரைக் கூப்பிடுவது, அவருடைய தொலைபேசி எண் என்ன, என்ன உறவு என்று மூன்று பெட்டிகள். இவன் அந்த மூன்றையும் வெறுமையாக வைத்துக்கொண்டு வந்து நின்றான்.

“அங்கிள், இதில ஆரைப் போடுறது?”

“என்னைப் போடு.”

“உறவுமுறை எண்டு கேட்டிருக்கு.”

படிவத்தைப் பறித்து, கார் பொனற்றின் மேல் வைத்து, ஆங்கிலத்தில் பெரிய எழுத்தில் அங்கிள் என்று எழுதினேன். அவன் என்னை அப்படித்தான் கூப்பிடுகிறான், வேறு என்ன எழுதுவது? அதைப் பார்த்த மற்றத் தமிழ்ப் பொடியன்கள் ஆறு பேரும் சுற்றி வந்துவிட்டார்கள். “எனக்கும் போடுங்கோ அங்கிள், அம்மா வேலையில போன் எடுக்க மாட்டா.” போட்டேன். பத்து நிமிடத்தில் ஏழு பேருக்கு அங்கிள் ஆனேன். எங்கள் ஆட்களில் எவரைக் கேட்டாலும் இதில் என்ன பிழை என்றுதான் கேட்பார்கள். அடுத்த வருடமும் அதற்கு அடுத்த வருடமும் அதையே எழுதினேன்.

அந்தப் பெட்டி ஒரு தரம் உதவியது. முதல் வருடமே குளிர்காலத்தில் பாய்ந்து விழுந்ததில் அவனுக்குத் தோள் எலும்பு உடைந்தது. ஆஸ்பத்திரியில் தாதி என்னை மறித்து, குடும்பத்தவர் மட்டும்தான் உள்ளே வரலாம் என்றார். என்னிடமிருந்த படிவப் பிரதியைக் காட்டினேன். பார்த்துவிட்டுக் கதவைத் திறந்தார். அவன் வெளிறிப்போய்ப் படுத்திருந்தான். “சனிக்கிழமை கோலுக்க ஆரை விடப் போறியள் அங்கிள்?” என்றான் அந்த நிலையிலும். எனக்கு அழுகையும் வந்தது, அறைய வேண்டும் போலவும் இருந்தது.

2011இல் அரையிறுதியில் தோற்றோம். 2012இல் புள்ளிப் பட்டியலில் முதலாவதாக வந்து இறுதி ஆட்டத்துக்குப் போனோம். அதுவரை எங்களை எட்டிப் பார்க்காத விளையாட்டுப் பிரிவு மேலாளர் திடீரென்று ‘நமது வெற்றிகரமான ப்ரோக்ராம்’ என்று எழுதத் தொடங்கினார். தோற்கும்போது அது என் அணி. வென்றதும் அவர்களுடைய ப்ரோக்ராம். நான் வலை பொத்தியபோது எங்கே போனது இந்தப் ப்ரோக்ராம்?

இறுதி ஆட்டத்துக்குப் பத்து நாள் இருக்கும்போது கடிதம் வந்தது. மகனை விளையாட விடாமல் வாங்கில் இருத்திவிட்டேன் என்று ஒரு தகப்பன் முறைப்பாடு செய்திருந்தார். பயிற்சியாளர் தன் சொந்தக்காரரையே விளையாட விடுகிறாராம், அவர்கள் அங்கிள் என்று கூப்பிடுவதைத் தன் காதால் கேட்டாராம். அந்தப் பொடியன் ஓட மாட்டான். அதுதான் காரணம். அதைத் தகப்பனிடமும் முகத்துக்கு நேரே சொல்லியிருந்தேன்.

அரை நாள் லீவு போட்டுப் போனேன். மேலாளர் மிக மரியாதையாகத் தண்ணீர் ஊற்றித் தந்தார். அந்த மரியாதையைப் பார்க்கவே எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மேசையில் ஏழு படிவங்கள், எல்லாவற்றிலும் என் கையெழுத்து.

“இந்த ஏழு பேரும் உங்கள் சகோதரங்களின் பிள்ளைகளா?” என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

நான் சிரித்துவிட்டேன். சிரித்திருக்கக் கூடாது. எங்கள் ஊர் வழக்கம் இது, மூத்த ஆண் எவரும் அங்கிள்தான், கடைக்காரரும் அங்கிள்தான் என்று விளக்கினேன். அவர் தலையை ஆட்டி ஆட்டி எழுதினார்.

“அப்படியென்றால் நீங்கள் உறவினர் இல்லை. கல்லூரியின் படிவத்தில் பொய் எழுதியிருக்கிறீர்கள்.”

பாருங்கள் நியாயத்தை. அங்கிள் என்றால் சொந்தக்காரருக்கு இடம் கொடுத்தவன். இல்லையென்றால் பொய்யன். எந்தப் பக்கம் திரும்பினாலும் குற்றம் என்னுடையது.

ஆனால் ஒரு வழி இருக்கிறது என்றார். ஏழு தாள்களை அடித்து வைத்திருந்தார், ஆளுக்கு ஒன்று. இந்த மாணவனுக்கு நான் எந்த உறவும் இல்லை, கவனக்குறைவால் எழுதினேன், என் பெயரை அவசரத் தொடர்பிலிருந்து நீக்கலாம் என்று இருந்தது. கையெழுத்து வைத்தால் எச்சரிக்கையோடு முடியும், இறுதி ஆட்டத்துக்கு நானே பயிற்சியாளர். சாட்சிக்கு என்று கோல் காப்பாளனையும் கூப்பிட்டு வாசலோரக் கதிரையில் இருத்தியிருந்தார்.

ஆறு தாளில் கடகடவென்று கையெழுத்து வைத்தேன். அந்த ஆறு பேருக்கும் வீட்டில் தாய் தகப்பன் இருக்கிறார்கள். ஏழாவது தாள் இவனுடையது. என் பெயரை எடுத்தால் அந்தப் பெட்டியில் எழுத ஆள் இல்லை. பேனையைப் பிடித்தபடி இருந்தேன். நாலு வருட உழைப்பு, இன்னும் ஒரே ஓர் ஆட்டம்.

“வையுங்கோ அங்கிள். எனக்கு ஒண்டுமில்லை,” என்றான் அவன் தமிழில், நிலத்தைப் பார்த்துக்கொண்டு.

நிமிர்ந்து பார்த்துச் சொல்லியிருந்தால் வைத்திருப்பேனோ என்னவோ. பேனையை மேசையில் போட்டேன்.

“இவனுக்கு நான் அங்கிள்தான்,” என்று மேலாளரிடம் சொன்னேன். “எழுதிக்கொள்ளுங்கள்.”

எழுதிக்கொண்டார். உறவை அறிவிக்காத குற்றத்துக்காகப் பருவம் முடியும்வரை விலக்கி வைத்தார்கள். பயிற்சிக்குக் கோன் அடுக்க வந்த உதவிப் பயிற்சியாளர் தலைமைப் பயிற்சியாளர் ஆனார். அவர் நல்ல மனிதன், அவரிலும் எனக்குக் கோபம்தான்.

வீட்டில் குசினிக் கதவை நான் அடித்துச் சாத்தியதில் பிணைச்சல் கழன்றது. மனைவி விஷயம் முழுவதையும் கேட்டுவிட்டு, “ஆறு பேருக்கு இல்லையெண்டு எழுதிப்போட்டு ஒருத்தனுக்கு மட்டும் ஓமெண்டால் அவங்கள் என்னப்பா நினைப்பாங்கள்?” என்றாள். அவள் கேட்டது சரி. சரியான கேள்வி என்றபடியால் இன்னும் கத்தினேன்.

இறுதி ஆட்டத்தைக் கம்பி வேலிக்கு வெளியே நின்று பார்த்தேன். என் ஆட்களை, என் இடங்களில், என் முறையிலேயே விளையாட விட்டார்கள். கடைசி நிமிடத்தில் எங்கள் கோலுக்கு முன்னால் பந்து உயர்ந்தது. “விடு!” என்ற குரல் வேலி தாண்டிக் கேட்டது. கப்டன் விட்டான். இவன் எடுத்தான். வென்றோம். பொடியன்கள் ஓடி வந்து என்னை உள்ளே இழுத்துக்கொண்டு போய்ப் படத்தில் நிறுத்தினார்கள். நான் கிடங்கு ஜாக்கெட்டோடு ஓரத்தில் நின்றேன்.

அடுத்த வருடம் என்னை அவர்கள் திரும்பக் கூப்பிடவில்லை. 2013இல் ஒரு பின்நேரம் அவன் படிப்பு முடித்த பத்திரத்தை வாங்கப் போக, நானும் கூடப் போனேன். மேலாளரின் அறைக்கு முன்னால், நடைபாதைச் சுவரில் அந்தப் படம் பெரிதாகத் தொங்கியது. கீழே எல்லாருடைய பெயரும் இருந்தது. உதவியாளராக இருந்தவரின் பெயருக்குப் பக்கத்தில் தலைமைப் பயிற்சியாளர் என்று இருந்தது. வரிசையின் கடைசியில் பெயர் இல்லாமல், ‘கோல் காப்பாளரின் அங்கிள்’.

எனக்குக் காது இரண்டும் சூடேறிவிட்டது. படத்தைக் கழற்றி அந்த மேலாளரின் மேசையில் அடிப்பதென்று இரண்டு கையாலும் சட்டத்தைப் பிடித்தேன்.

“விடு!”

விடுங்கோ என்று இல்லை, அங்கிள் என்றும் இல்லை. மைதானத்துக் குரல். கை தானாக இறங்கியது. அவன் என்னைத் தாண்டிப் போய் மேலாளரின் கதவைத் தட்டி உள்ளே போனான். நான் நடைபாதையில் நின்றேன். உள்ளே அவன் சத்தம் உயர்ந்து கேட்டது, பிறகு மேலாளரின் மரியாதையான சத்தம், திரும்பவும் அவன் சத்தம்.

வெளியே வந்தபோது அவன் முகம் சிவந்திருந்தது.

“ஹெட் கோச் எண்டு போட ஏலாதாம் அங்கிள். ரெக்கோட்டில அப்பிடி இல்லையாம். வேணுமெண்டால் கீழ அங்கிள் எண்டு இருக்கிற எழுத்தை எடுத்துவிடுறாராம்.”

“நீ என்ன சொன்னனி?”

“அதில கை வைக்க வேண்டாம் எண்டு சொல்லிப்போட்டன்.”